எழுந்துபோக விடாத மரியாதை

இணையவழிப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ரம்மியும் போக்கரும் திறமையின் ஆட்டங்களா, அதிர்ஷ்டத்தின் ஆட்டங்களா என்று நீதிமன்றங்களில் நீண்ட வாதத்தை அச்சட்டம் ஓரங்கட்டிவிட்டது. பணம் கட்டி ஆடினால், எந்த ஆட்டமானாலும் தடை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளன. முடிவு எதுவாயினும், கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தோற்றவர் எழுந்துபோக அந்த ஆட்டம் வழிவிடுகிறதா?

கோவாவில் மாண்டவி ஆற்றின் மீது மிதக்கும் சூதாட்டக் கப்பல்களில் போக்கர் மேசைக்கென்று சில மரியாதைகள் உண்டு. தன் முறை வரும்வரை வாய் திறக்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் சீட்டுகளைப் பற்றிப் பேசக் கூடாது. வென்ற சீட்டைக் காட்டாமல் இழுத்தடித்து எதிராளியை நோகடிக்கக் கூடாது. ஒரு சுற்று நடக்கும்போது மேசைமேல் உள்ள வில்லைகளை மட்டுமே பந்தயத்தில் வைக்கலாம். இடையில் சட்டைப்பையைத் தொடக் கூடாது. இந்தக் கடைசி விதி வெறும் ஒழுங்கல்ல. பதற்றத்தில் இருப்பவருக்குப் போடப்பட்ட வேலி.

இன்னொரு மரியாதையும் உண்டு. மோசமாக ஆடித் தோற்பவரை ஏளனம் செய்யக் கூடாது. அனுபவசாலிகள் இதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, பண்பு. மற்றொன்று, அவர் கோபித்து எழுந்துவிட்டால் வருமானம் போய்விடும். ஒரே புன்னகைதான், ஆனால், ஒன்று தோற்றவரைக் காக்கிறது, மற்றொன்று அவரை உட்கார வைக்கிறது.

சூதாட்டக் கப்பல்களுக்கு வெகுதொலைவில் உள்ளது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம். வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, மழை கைகொடுத்தால் மிளகாயும் மல்லியும் பருத்தியும் வீடு வந்துசேரும். பிறகு நெடுங்கோடை. வேலையற்ற அந்த மாதங்களில் மரத்தடிச் சீட்டாட்டம் கரிசல் ஊர்களுக்குப் புதிதல்ல. அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அங்கும் பணம் போயிருக்கிறது, சண்டை வந்திருக்கிறது, வீட்டுப் பெண்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆனால், எதிரே அமர்ந்தவர் மாமனோ மச்சானோ பக்கத்துக் காட்டுக்காரரோதான். அவருடைய மிளகாய் என்ன விலைக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓர் எல்லைக்கு மேல், “போதும், எந்திரிச்சு வீட்டுக்குப் போப்பா” என்று சொல்ல அங்கே ஒருவராவது இருப்பார்.

கைப்பேசிக்கு அந்தக் குரல் இல்லை. வரவேற்புத் தொகை தருகிறது; சில நாள் வராவிட்டால் பெயர் சொல்லி அழைக்கிறது; தோற்றால் ஆறுதல் சலுகை நீட்டுகிறது. இது உட்கார வைக்கும் மரியாதை. சட்டைப்பைக்கும் மேசைக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு விரல் தொடுகைக்குச் சுருங்கிவிட்டது.

இணைய ரம்மி நிறுவனங்கள் 1967-இல் உச்ச நீதிமன்றம் சத்யநாராயணா வழக்கில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து மேற்கோள் காட்டிவந்தன. ரம்மி பெரிதும் திறமையின் ஆட்டம் என்றது அத்தீர்ப்பு. ஆனால், அது செகந்திராபாத் மன்றம் ஒன்றில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடியவர்களைப் பற்றியது. ஆட்டத்தை நடத்துபவர் அதிலிருந்து இலாபம் ஈட்டினால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. இந்தப் பாதி அதிகம் பேசப்படவில்லை.

தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால், ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. அதன்பின் 2025-இல் அரசு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை ஆட்டம் கூடாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். தொடர்ந்து ஆடுவோருக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும். நாள், வார, மாதச் செலவு வரம்பு வேண்டும். மரத்தடியில் ஒரு பெரியவர் சொல்லிவந்ததை அரசாணை சொல்ல வேண்டியதாயிற்று. பொதுச் சுகாதாரம் என்ற அரசின் வாதத்தை 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றமும் ஏற்றது. திருக்குறளில் ‘சூது’ அதிகாரம், ‘கள்ளுண்ணாமை’க்கும் ‘மருந்து’க்கும் இடையில் நிற்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆயினும் மாத வரம்பு மாதச் சம்பளக்காரருக்கான அளவுகோல். மானாவாரி விவசாயிக்கு வருமானம் ஆண்டுக்கொரு முறை. நகரத்து ஊழியர் ஓரிரவில் ஒரு மாதத்தை இழக்கலாம். திருச்சுழிப் பக்கத்து விவசாயி அதே இரவில் ஓராண்டையும், அடுத்த விதைப்புக்கான முதலையும் இழக்கிறார். அடுத்த மழை தவறினால், அடகு வைக்க நகையும் இருக்காது.

தடைச் சட்டம் வந்த சில நாள்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகள் அப்படிப் பணிந்துபோகும் என்று நம்ப இடமில்லை. அவற்றை முடக்குவதும், பணம் செல்லும் வழிகளை அடைப்பதும் அரசின் கடமை. அதே வேளையில், வட்டார மருத்துவமனைகளில் சூதாட்ட அடிமைத்தனத்துக்கு ஆலோசனை கிடைக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் கடனில் சிக்கியவரை அவமானப்படுத்தாமல் பேசவைக்க வேண்டும். தோற்றவர் அதை வெளியில் சொல்ல வெட்கப்படும்வரை, இழந்ததை மீட்க அவர் மீண்டும் அந்தத் திரைக்கே திரும்புவார்.