பிச்சைக்கு முதலாளி

வறுமையையே குற்றத்தின் முதற்பொருளாக வைத்து எடுக்கப்படும் படங்கள் அரியவை. நம் மாவட்டத்து எழுத்தினின்று பிறந்த அத்தகைய படம் ஒன்றுண்டு. ஜெயமோகன் 2003-இல் வெளியிட்ட ‘ஏழாம் உலகம்’ என்னும் நாவலைத் தழுவி, பாலா இயக்கிய ‘நான் கடவுள்’ 2009 பிப்ரவரியில் வெளிவந்தது. இயக்குநருக்குத் தேசிய விருதும் கிட்டிற்று. உரையாடலை எழுதியவரும் நாவலாசிரியரே. ஆயினும் படமும் நாவலும் ஒன்றையே கூறவில்லை என்பது நம் துணிபு.

படத்திலே தாண்டவன் என்போன் குருடரையும் முடவரையும் அடைத்துவைத்துப் பிச்சையெடுப்பிக்கிறான். கண்ட மாத்திரத்தில் அவன் கொடியனென்று குழந்தையும் அறியும். காசியினின்று வந்த அகோரி அவனைக் கொல்ல, நாமும் பாரம் நீங்கிக் கொட்டகையை விட்டு எழுகிறோம்.

நாவலிலோ பாரம் நீங்க வழியில்லை. அங்கே இத்தொழில் புரியும் போத்திவேலுப் பண்டாரம் அரக்கனல்லன்; தெய்வபக்தியுள்ளவன்; பெண்மக்களைக் கரையேற்றும் கவலையால் வாடும் குடும்பஸ்தன். தன் வசமுள்ள மனிதரை அவன் ‘உருப்படி’ என்கிறான். (கச்சேரியில் கீர்த்தனத்துக்கும் அப்பெயர் உண்டு; ஆட்டுச் சந்தையிலும் உண்டு. இவன் வழங்குவது சந்தைப் பொருளிலே.) முத்தம்மை ஈனும் மகவும் அவனுக்குச் சரக்கே. 1928-இல் பெர்லினில் அரங்கேறிய பிரெக்டின் ‘மூன்று காசு நாடக’த்தில் வரும் பீச்சமும் இவனுக்கு உறவே. இலண்டன் இரவலருக்கு வேடமும் இடமும் தந்து பங்கு பெறும் அவ்வர்த்தகனுக்கும் மகளின் மணமே தலைவலி!

அரக்கன் எனில் நமக்கு அதிற் பங்கில்லை. பண்டாரமோ நம் தெருவில் நடப்பவன். அவன் வரவு நாம் இடும் காசு. சுசீந்திரம் தேரோட்டத்தன்று ஏனத்தில் நாம் இட்ட காசு பின்னர் எவர் மடிக்குச் செல்கிறதென்று வினவுவோர் எத்தனைபேர்? சட்டமும் நெடுங்காலம் வினவவில்லை. 1945-ஆம் ஆண்டின் சென்னைப் பிச்சைத் தடுப்புச் சட்டம் கையேந்தியவனையே குற்றவாளியாக்கிற்று. தில்லியில் வழங்கிய இத்தகைய சட்டத்தின் தண்டனைப் பகுதிகளை 2018-இல் அவ்வுயர்நீதிமன்றம் தள்ளியது. கட்டாயப்படுத்திப் பிச்சையெடுப்பிப்போரை ஒடுக்க அரசு வேறு சட்டம் இயற்றலாமென்றும் கூறிற்று.

ஊனமுற்றோரை மறையாது திரையிலே காட்டிய பாலாவின் துணிவு பெரிது. இளையராஜாவின் இசையும் அவ்வாறே. எனினும், உருக்குலைக்கப்பட்ட அம்சவல்லி சாவையே விடுதலையாக வேண்டிப்பெறும் முடிவை நாம் ஏற்கோம். நாவலிலே அம்மனிதர் தமக்குள் கேலிபேசிச் சிரிக்கின்றனர், பூசலிடுகின்றனர், ஒருவரையொருவர் பேணுகின்றனர். சாகவேண்டுமென்று அகோரியைத் தேடவில்லை.