சட்டம் என்ன சொல்கிறது? பரணில் கிடக்கும் துப்பாக்கி

சிவகாசி வாசிகளுக்கு லைசென்ஸ் என்றால் என்னவென்று நாம் விளக்கப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எத்தனை கிலோ மருந்து, எந்த அறை, யார் பொறுப்பு என்று காகிதத்தில் கண்டபடி நடந்தாலன்றிப் பட்டாசு ஆலைக் கதவு திறவாது என்பதைக் குழந்தையும் அறியும். அத்தகைய ஊரிலிருந்துதான் இந்தக் கேள்வியும் அடிக்கடி எழுகிறது: “தகப்பனார் லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார். துப்பாக்கி பரணில் சும்மா கிடக்கிறது. யாரும் தொடுவதுகூட இல்லை. இது குற்றமா?”

குற்றந்தான். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் என்பது ஆளுக்குரியதேயன்றித் துப்பாக்கிக்கோ குடும்பத்துக்கோ உரியதன்று. நிலத்தைப் போல அது பிள்ளைக்கு இறங்குவதில்லை. 2019-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 2 வருஷச் சிறைவாசம், 5 வருஷம் வரையில் போகலாம், அபராதமும் உண்டு. தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பரிகாரம் எளிது. காலதாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறுவதே முதற்காரியம். பிறகு வாரிசு விரும்பினால் ஜில்லா கலெக்டரிடம் தம் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம். கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் முறைப்படி விற்றுப் பணத்தைப் பெறலாம். விதித்த கெடு தாண்டினால் அது சர்க்காருக்குப் போய்விடும்.

“வேறொருவன் நம் வீட்டில் ஒளித்துவைத்துப் போனால் என் செய்வது?” என்பது மற்றொரு கவலை. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. பொருள் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். அதன்மீது ஆதிக்கமும் இருக்க வேண்டும். அறியாதவன் குற்றவாளியல்லன். ஆனால் தெரிந்தே பிறர் வீட்டில் வைத்து, வேண்டும்போது எடுக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்திருப்பவன் தப்ப முடியாது.

சுதந்திரம் வந்த பின்னும் ஏன் இந்தக் கட்டு என்று சில அன்பர்கள் சினக்கிறார்கள். 1878-ம் வருஷத்துச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து நம்மவரை நிராயுதபாணிகளாக்கியது உண்மை. 1930 ஜனவரியில் காந்திஜி வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்குவதும் ஒன்று. எனினும் அவர்கூட லைசென்ஸே வேண்டாமென்று சொல்லவில்லை. அது ஜனங்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டுமென்றே கேட்டார். அதே பட்டியலின் முதற்கோரிக்கை பூரண மதுவிலக்கு.

மது என்றதும் மோட்டார் வழக்குகள் நினைவுக்கு வருகின்றன. “நிதானமாகத்தான் ஓட்டினேன்” என்ற வாதம் செல்லாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் போதும், குற்றமே. ஸ்கூட்டருக்கும் இதே சட்டம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 வருஷம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஊத மறுப்பது புத்திசாலித்தனமன்று. தக்க காரணமின்றி மறுத்ததே கோர்ட்டில் எதிர்ச்சாட்சியாகும். ஆனால் கைதானவருக்கு ஓர் உரிமை உண்டு: 2 மணி நேரத்துக்குள் டாக்டரின் பரிசோதனை நடக்காவிட்டால் அவரைக் காவலிலிருந்து விட வேண்டும்.

பட்டாசு லாரி விஷயம் இதனினும் கடுமை. குடிமயக்கத்தில் இருப்பவனை வெடிபொருளைக் கையாளவோ ஏற்றிச் செல்லவோ அமர்த்தலாகாது என்று வெடிபொருள் விதிகள் தடுக்கின்றன. டிரைவர் குடித்திருப்பது தெரிந்தும், தீபாவளிச் சரக்குக்கு அவசரமென்று சாவியைக் கொடுத்தனுப்பும் முதலாளியும் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றத்துக்கு உடந்தையாவார். அவருக்கும் அதே தண்டனைதான்.