மருந்து இருக்கிறது, தொடர்வதற்கு ஆளில்லை

கல்லூரியில் என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், மூச்சுத் திணறலும் கால் வீக்கமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். அண்மையில் அவரைப் பார்க்கச் சென்றபோது, ஓராண்டுக்கு முந்தைய மருந்துச் சீட்டைக் காட்டினார். தொடக்க அளவாக எழுதித் தரப்பட்ட மாத்திரைகளே அதே அளவில் இன்றும் தொடர்கின்றன. அளவைக் கூட்ட வேண்டுமா என்று அவரும் கேட்கவில்லை. அவரை அழைத்து எவரும் விசாரிக்கவும் இல்லை.

நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆனால், அந்தச் சீட்டில் நான் கண்டது தனி மனிதரின் அலட்சியம் அன்று. ஓர் அமைப்பின் ஓட்டை.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது என்று பொருளில்லை. உடலுக்குத் தேவையான ரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல் குறைந்துபோவதே அது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-இல் 18 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,205 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்தாண்டுகளுக்குள் 59 சதவீதம் பேர் இறந்திருந்தனர்.

இத்தனைக்கும் இது மருந்தில்லாத நோய் அன்று. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துத் தர வேண்டும் என்று ஐரோப்பிய (2021), அமெரிக்க (2022) வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. எனலாபிரில் அல்லது சாகுபிட்ரில்-வால்சார்டான், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், நீரிழிவுக்காக உருவாகி, நீரிழிவு இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன்படும் என்று 2019-இல் தெரியவந்த டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகியவையே அந்த நான்கு.

நடைமுறை என்ன? திருவனந்தபுரம் பதிவேட்டில், இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களில் 25 சதவீதம் பேரே வீடு திரும்பும்போது நெறிப்படியான மருந்துகளைப் பெற்றிருந்தனர். 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைக் கொண்ட தேசியப் பதிவேட்டில் இது 47.5 சதவீதம். முன்னேற்றம்தான், எனினும், பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் வெளியே நிற்கின்றனர். வறுமை மட்டுமே காரணம் என்று கூறவும் முடியாது. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வொன்றில், அன்றைய மூன்று வகை மருந்துகளையும் உரிய முழு அளவில் பெற்றவர்கள் ஏறத்தாழ ஒரு சதவீதத்தினரே.

விலை ஒரு காலத்தில் தடையாக இருந்தது. இன்று அது தளர்ந்துவருகிறது. டாபாகிளிஃப்ளோசினின் இந்தியக் காப்புரிமை 2020-லும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிவுற்று, மலிவான மாற்றுகள் சந்தைக்கு வந்துவிட்டன. மற்றவற்றில் பெரும்பாலானவை பழைய, விலை குறைந்த மாத்திரைகள்.

உண்மையான தட்டுப்பாடு மருந்தில் இல்லை. மருந்தைத் தொடர்ந்து கவனிக்கும் உழைப்பில் இருக்கிறது. இம்மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்கி, ரத்த அழுத்தம், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைச் சோதித்தபடி படிப்படியாகக் கூட்ட வேண்டும். நோயாளி மீண்டும் வருவாரா என்பதே தெரியாத நெரிசலான புறநோயாளிப் பிரிவில், அளவைக் கூட்டாமல் விடுவது மருத்துவரின் பார்வையில் பாதுகாப்பான முடிவு. அளவைக் கூட்டியதால் ஒருவர் மயங்கி விழுந்தால் பழி மருத்துவர் மீது விழும். கூட்டாததால் ஈராண்டு கழித்து ஒருவர் இறந்தால், அது எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

பணம் செல்லும் பாதையும் இதையே ஊக்குவிக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையே அது துணை நிற்கிறது. நோயாளி மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தால், மீண்டும் பணம் கிடைக்கும். சேராமல் தடுத்த செவிலியருக்கோ மருத்துவருக்கோ ஒரு ரூபாயும் இல்லை. 2021-22-இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பையிலிருந்தே சென்றது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாற்று வழி சோதிக்கப்பட்டுவிட்டது. 14 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான 'ஸ்ட்ராங்-எச்எஃப்' ஆய்வில், வீடு திரும்பிய இரண்டே வாரங்களில் மருந்துகள் முழு அளவை நோக்கி உயர்த்தப்பட்டன. ஆறு வாரங்களுக்குள் நான்கு முறை நோயாளிகள் பரிசோதிக்கப்பட்டனர். ஆறு மாத முடிவில் இறந்தோர் அல்லது இதயச் செயலிழப்பால் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் 15.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 23.3 சதவீதம். நைஜீரியா, மொசாம்பிக் போன்ற நாடுகளும் இவ்வாய்வில் பங்கேற்றன என்பது கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் இதற்கான உறுப்புகள் பலவும் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. மொத்தக் கொள்முதலுக்கு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. இவற்றை இணைக்கும் கண்ணியே தேவை.

முதலாவதாக, வீடு திரும்பும்போது தரப்படும் அறிக்கையில் நான்கு மருந்துகளில் எவை தொடங்கப்பட்டன, எவை ஏன் தவிர்க்கப்பட்டன, எட்ட வேண்டிய அளவு என்ன என்பதை எழுதுவது கட்டாயமாக வேண்டும். இரண்டாவதாக, காப்பீட்டுத் தொகுப்பில் முதல் ஆறு வாரப் பரிசோதனைகளும் ரத்தச் சோதனைகளும் சேர்க்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பயிற்சி பெற்ற செவிலியர்களிடம் இந்நோயாளிகளின் பட்டியலை ஒப்படைக்க வேண்டும்.

ஏற்கெனவே பணிச்சுமையில் இருப்போர் மீது மேலும் சுமையா என்ற கேள்வி நியாயமானது. ஆகவே, கூடுதல் ஊழியர்களுடன் இரண்டு, மூன்று மாவட்டங்களில் தொடங்கி, விளைவுகளை வெளிப்படையாக அறிவித்த பிறகு விரிவாக்கலாம். எல்லோருக்கும் நான்கு மருந்துகளும் பொருந்தா. முழு அளவும் எல்லோராலும் தாங்க இயலாது. ஆனால், அது பரிசோதித்தறிந்த முடிவாக இருக்க வேண்டுமேயன்றி, எவரும் கேட்காததால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

நண்பரிடம் நான் கூறியது ஒன்றுதான்: மாத்திரையின் அளவை நீங்களாகவே மாற்றாதீர்கள், ஆனால், இதுவே எனக்குரிய அளவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியை நோயாளி நினைவில் வைத்துக் கேட்கும் வரை காத்திராமல், அரசின் சுகாதார அமைப்பே அவரைத் தேடிச் சென்று கேட்க வேண்டும்.