அம்பாசடர் ஹெட்டில் கை வைக்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுப் பையனும் அவன் நண்பனும் ஆளுக்கொரு அம்பாசடர் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் திண்ணையில் இறக்கினார்கள். ஒன்று அவன் அப்பாவின் வண்டியிலிருந்து கழற்றியது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. வண்டி அதுவரை போர்வை போர்த்தியே நின்றிருந்தது. இன்னொன்று உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது.

"ஏனுங் பெரியப்பா, போர்ட்டை நல்லா பெருசு பண்ணி மேனிஃபோல்டோட சேர்த்துட்டா வண்டி பறக்கும்னு சொல்றாங்களே, நெசந்தானுங்களா? ஒருத்தர் ஒரே நாள்ல பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காருங்."

"எந்த ஹெட்டைக் குடுக்கப் போறே?"

"அப்பாவோடதுதானுங். அதுதான் நல்லா இருக்குது."

முப்பத்து நாலு வருடம் கோவையில் எஞ்சின் பட்டறைகளில் ஹெட்டும் பிளாக்கும் பார்த்தவன் நான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இந்தக் காலத்தில் பழைய வண்டியைப் புதுப்பிக்கும் பிள்ளைகள் அதிகம், அவர்கள் கையில் கிரைண்டரும் அதிகம். என் கட்சி இதுதான்: முதலில் அது என்ன ஹெட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு போர்ட்டையும் மேனிஃபோல்டையும் ஒன்றுக்கொன்று பொருத்துங்கள். அதோடு கையை எடுத்துவிடுங்கள். பெரிதாக்கும் வேலை ரோட்டில் ஓடும் அம்பாசடருக்கு வேண்டாம்.

ஹெட்டை அடையாளம் காண்பதைப் பலர் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. "எல்லாம் அம்பாசடர்தானே" என்பார்கள். ஆரம்ப கால அம்பாசடரில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின். அதன் ஹெட்டு வெறும் மூடி. போர்ட் எல்லாம் பிளாக்கில்தான் இருக்கும். பிறகு வந்ததுதான் நாம் எல்லோரும் அறிந்த 1489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ். போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. இதே குடும்பத்து எஞ்சின் அங்கே எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடியது. 1798 சி.சி. வரை வளர்ந்தது. அதனால் வெளிநாட்டிலிருந்து ஹெட்டு வரவழைக்கும் ஆசை சிலருக்கு வருகிறது. பெரிய எஞ்சினின் ஹெட்டில் எரி அறையும் பெரிது. நம் சின்ன எஞ்சின் மேல் அதை வைத்தால் அமுக்கம் குறைந்து வண்டி இன்னும் மந்தமாகும். கொடுத்த காசுக்கு எதிர்ப் பலன்!

ஆகவே முதலில் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்ணைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மூலையிலும் ஹெட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். பழைய சாமான் கடை ஹெட்டு எத்தனை முறை மட்டம் தட்டப்பட்டது என்று அது சொல்லிவிடும். பையன் கொண்டுவந்த உக்கடம் ஹெட்டு ஒரு பக்கம் தேய்ந்து சாய்வாக இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, வெர்னியருக்குத் தெரிந்தது.

அப்புறம் போர்ட். பக்கவாட்டில் ஐந்தே ஐந்து வாய். இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் வரிசை ஒன்றுதான்: எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட். நாலு சிலிண்டருக்கு இன்லெட் வாய் இரண்டுதான். ஒன்றாம், இரண்டாம் சிலிண்டருக்கு ஒன்று. மூன்றாம், நான்காம் சிலிண்டருக்கு ஒன்று. நடு எக்ஸாஸ்டை இரண்டும் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இது ஏதோ சிக்கனத்துக்காகச் செய்தது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு. கேம் ஷாஃப்ட் மேனிஃபோல்டு இருக்கும் பக்கத்திலேயே இருப்பதால் எட்டு புஷ் ராடும் அந்தப் பக்கமாகத்தான் மேலே ஏறியாக வேண்டும். அவற்றுக்கு இடம் விட்டது போக மிச்சமிருந்த இடத்தில்தான் போர்ட் போட முடிந்தது.

இங்கேதான் ஆபத்தும். இன்லெட் சுவருக்கு ஒரு பக்கம் புஷ் ராடு வழி, இன்னொரு பக்கம் தண்ணீர். நடுவில் இருக்கும் இரும்பு எவ்வளவு கனம் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வார்ப்பு மணல் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஒரு ஹெட்டுக்கும் இன்னொன்றுக்கும் கனம் மாறும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மெட்ராஸ் போய் சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த மயக்கம் தெளியவில்லை. ஒரு டாக்ஸிக்காரர் வண்டியைக் கரி எடுக்க விட்டிருந்தார். கரி எடுத்து, வால்வு அரைத்து மாட்ட வேண்டிய வேலை, அவ்வளவுதான். மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் நான் பர்ரை மாட்டி இன்லெட்டைக் குடைந்தேன். கண்ணாடி மாதிரி பாலிஷும் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது!

வண்டி போன ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. சைலென்சரில் நீலப் புகை, பிளக்கெல்லாம் எண்ணெய். ரிங்தான் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினையே இறக்கினோம். ரிங் நன்றாக இருந்தது. கடைசியில் மேஸ்திரிதான் போர்ட்டுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். புஷ் ராடு வழிக்குள் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே எஞ்சின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஹெட்டுக்கான பணம் என் சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கப்பட்டது. அது நியாயம். ஆனால் அந்த டாக்ஸிக்காரருக்கு பதினோரு நாள் சவாரி போனதற்கு யார் கொடுப்பார்கள்? அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, நான் கேக்காத வேலையை எதுக்குங் செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது.

ரேஸ்காரர்கள் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். அவர்கள் எஞ்சின் உச்ச வேகத்திலேயே சுற்றும். காற்று நிறைய வேண்டும். கேம், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள். நம் வண்டி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவது. பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றில்தான் ஓடும். அந்தச் சுற்றில் போர்ட் அகலமானால் உள்ளே போகும் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோல் துளி சுவரில் ஒட்டி வழியும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், மேட்டில் கியரைக் குறைக்கச் சொல்லும். வாய்க்காலை அகலமாக வெட்டினால் தண்ணீர் வேகமாக ஓடுமா, சொல்லுங்கள்?

பொருத்துவது வேறு. கார்புரேட்டரிலிருந்து வரும் காற்று மேனிஃபோல்டைத் தாண்டி ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் படி இருக்கக் கூடாது. மேனிஃபோல்டு வாய் பெரிதாகவும் ஹெட்டு வாய் சிறிதாகவும் இருந்தால் காற்று போய் முட்டும். எக்ஸாஸ்டில் நேர்மாறு: ஹெட்டை விட மேனிஃபோல்டு வாய் ஒரு நூல் பெரிதாக இருப்பதே நல்லது. திரும்பி வரும் புகையை அந்தப் படி கொஞ்சம் தடுக்கும். அதைப் போய் ராவிச் சமப்படுத்தாதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? கேஸ்கட்டின் இரு பக்கமும் லேசாக கிரீஸ் தடவி, மேனிஃபோல்டை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். எது எங்கே இடிக்கிறது என்று அச்சு விழுந்திருக்கும். ஆனால் ஒரு விஷயம். ஸ்டட் ஓட்டைகள் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மேனிஃபோல்டு நகரும். இன்றைக்குப் பொருத்தியது நாளைக்குப் பொருந்தாது. இரண்டு டவல் பின் அடித்து இடத்தை நிலைப்படுத்தாமல் செய்யும் பொருத்தம் வீண் வேலை. இந்த எஞ்சினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டையும் சில இடங்களில் ஒரே வாஷர்தான் சேர்த்துப் பிடிக்கிறது. இரண்டு ஃபிளாஞ்சும் ஒரே கனமாக இல்லாவிட்டால் ஒன்று இறுகும், இன்னொன்று ஊதும். போர்ட்டில் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் நோய் என்பது என் அனுபவம்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் வால்வு சீட்டுக்குச் செய்யுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. அதற்கு முந்தைய இந்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் சீட் சீக்கிரம் உள்வாங்குகிறது. கடினமான சீட் வளையம் இறக்கினால் பிழைத்துக்கொள்ளும். (பத்மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஹெட்டு அலுமினியம். பர் அதில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். கிட்டேயே போகாதீர்கள்.)

அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஒருவர் ஒரு நல்ல ஹெட்டைக் கெடுத்தால் அந்தக் கணக்கில் ஒன்று குறைந்ததுதான். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் அளக்கப் போவதில்லை, குடையத்தான் போகிறார்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அப்ப உக்கடத்து ஹெட்டை அறுத்துப் பார்க்கலாமுங்களா பெரியப்பா? சுவர் எவ்வளவு கனம்னு தெரிஞ்சுக்கலாமுங்" என்றான். நல்ல யோசனை. இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. வரும் சனிக்கிழமை தெரிந்த லேத்துப் பட்டறையில் குறுக்கே அறுக்கப் போகிறோம். அவன் அப்பாவின் ஹெட்டுக்கு எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.