பால்கனிக்கு யானை வருமாம்!

மூன்றாம் வருஷம் வந்தாச்சு. டூர் போகாமல் வாங்குகிற பி.காம். டிகிரி செல்லாது என்பது எங்கள் வகுப்பின் எழுதப்படாத சட்டம். கோவா என்று ஆரம்பித்தது, அவரவர் வீட்டில் கேட்டுவிட்டு வந்ததும் கொடைக்கானலாகச் சுருங்கியது. கடைசியில் "காட்டுக்குள்ள தங்கலாம்டா மச்சி" என்று ஒருவன் கிளப்பிவிட, மசினகுடியில் வந்து நின்றது. பதினாலு பேர். தலைக்கு ஆயிரம் வசூல் பண்ணி ஒரு ரிசார்ட்டுக்கு அட்வான்ஸும் கட்டியாயிற்று. வசூல் பண்ணியது அடியேன். கட்டியது அடியேன். இப்போது அங்கே போகக்கூடாது என்று கத்திக்கொண்டிருப்பதும் அதே அடியேன்தான். ஆகவே தண்டலம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும் அடிக்க வருகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் அடிக்கவும்.

நடந்தது இதுதான். ரூம் எத்தனை என்று உறுதி செய்ய ரிசார்ட்டுக்குப் போன் போட்டேன். (பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் நாளைக்கே பத்து பேர் அங்கே புக் பண்ணுவார்கள், நம்ம ஜனங்களைத் தெரியாதா.) அந்த ஆள் படு உற்சாகமாகப் பேசினார். "சார், கவலையே படாதீங்க. நம்ம இடத்துல யானை பால்கனிக்கே வரும். நம்ம கார்டன் வழியாத்தான் அதுங்க தண்ணிக்குப் போகும். நைட்டு ஜீப் வேணும்னாலும் தனியா ஏற்பாடு பண்ணிடலாம்." நானும் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டு நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. கார்டன் வழியாக யானை ஏன் தண்ணிக்குப் போகிறது? யானை போகிற வழியில் கார்டன் போட்டிருக்கிறார்கள், அதனால்தான்!

இது எனக்குச் சட்டென்று உறைத்ததற்குக் காரணம் எங்கள் தாத்தாவின் மாடு. சிப்காட் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டால் போதும். அதுவே ஏரி உள்வாய் வரைக்கும் மேய்ந்துவிட்டு சாயந்திரம் அதுவே வீட்டுக்கு வந்து நிற்கும். இப்போது அந்த மேய்ச்சல் நிலத்தில் பாதிக்குக் காம்பவுண்ட் சுவர். மீதி இடத்தைத் தொட வேண்டுமானால் ஷிப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் பறக்கிற ரோட்டைத் தாண்ட வேண்டும். ஒரகடம் ரோட்டில் ராத்திரி போகிறவர்களுக்குத் தெரியும், சென்டர் மீடியனில் வரிசையாக மாடுகள் உட்கார்ந்திருக்கும். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது தாத்தாவின் சிவப்பு மாடு அப்படித்தான் ஒரு டிரெய்லரில் அடிபட்டது. மாடு ரோட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது புதிதாக எங்கேயும் வரவில்லை. கன்றுக்குட்டியாக இருந்தபோது எந்த வழியில் போனதோ அந்த வழியில்தான் போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் இருப்பது சீகூர் பீடபூமி. ஊட்டியில் இருந்து கல்லட்டி மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வருமே, அந்தச் சமவெளி. ஒரு பக்கம் செங்குத்தாக நீலகிரி மலைச்சரிவு, இன்னொரு பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடுக்குதான் முதுமலைப் பக்கத்து யானைகளுக்கும் சத்தியமங்கலம் பக்கத்து யானைகளுக்கும் போக்குவரத்துப் பாதை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் சேர்க்கிற கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ தீனியும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு அவ்வளவையும் தின்றால் காடு தாங்காது. அதனால்தான் நடக்கிறது. பால்கனியில் இருக்கிற நம்மை வேடிக்கை பார்க்க அது வரவில்லை ஐயா.

இந்தக் கழுத்தில்தான் வரிசையாக ரிசார்ட். (சிங்காராவில் 1930களிலேயே பைக்காரா மின்நிலையம் வந்துவிட்டது, அரசாங்கமும் சும்மா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ரிசார்ட் என்றால் கட்டடம் மட்டும் இல்லை. சுற்றி மின்வேலி, ராத்திரி முழுக்க விளக்கு, கேம்ப் ஃபயர், பாட்டு, குப்பைத்தொட்டி. ஒவ்வொருவரும் "என்னுடையது நாலு ஏக்கர்தானே" என்கிறார்கள். பத்துப் பேர் நாலு நாலு ஏக்கராக வேலி போட்டால் யானை எந்தச் சந்தில் நுழைந்து போகும்? போக்கு தப்பித்தான் வயலுக்குள்ளும் ஊருக்குள்ளும் இறங்குகிறது. அப்புறம் பேப்பரில் "காட்டு யானை அட்டகாசம்" என்று தலைப்பு.

இதெல்லாம் என் கற்பனை இல்லை. 2010 ஆகஸ்டில் தமிழக அரசே சீகூரை யானை வழித்தடம் என்று அரசாணை போட்டது. ரிசார்ட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது, இடத்தைக் காலி செய்யவும் சொன்னது. மேல்முறையீடு. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளுக்கு மாவட்ட நிர்வாகம் சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்து, தனித்தனி ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. அரசாணை, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று பத்து வருஷ வரலாறு. எந்த ஹோட்டல் புக்கிங் தளத்திலாவது இதில் ஒரு வரி இருக்கிறதா? நீச்சல் குளம் உண்டு, வைஃபை உண்டு, பஃபே காலை உணவு உண்டு, "காடு பார்த்த அறை" உண்டு. அந்த அறை யாருடைய வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, 2021 ஜனவரியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மசினகுடிப் பக்கம் ஏற்கனவே முதுகில் காயத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஆண் யானை. ஒரு தனியார் விடுதிப் பக்கம் வந்ததற்காக அதன் தலையில் எரிகிற டயரோ துணியோ, தீயாக எதையோ வீசினார்கள். காது கருகிப் புண்ணாகி, சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்கு லாரியில் கொண்டு போகும்போதே ஜனவரி 19ஆம் தேதி செத்துப்போனது. சில நாள் கழித்து அந்த வீடியோ வெளியே வந்தது. இருவர் கைதானார்கள், விடுதிக்கு சீல். லாரியில் கிடந்த யானையின் தும்பிக்கையைத் தடவி ஒரு வன ஊழியர் அழுகிற வீடியோவும் வந்ததே, நம் வகுப்பில் அதை ஸ்டேட்டஸ் வைக்காதவர் யார்? அதே கைதான் இப்போது மசினகுடியில் அட்வான்ஸ் கட்டுகிறது. என் கையைத்தான் சொல்கிறேன்.

"யானை பால்கனிக்கு வரும்" என்ற விளம்பரத்தின் மறுபக்கம் இதுதான். விருந்தாளி கேமராவோடு நிற்கும்போது வந்தால் அது அட்ராக்‌ஷன். விருந்தாளி தூங்கிய பிறகு வந்து குழாயை உடைத்தால் அது தொல்லை. இரண்டும் ஒரே யானை, ஒரே வழி.

இந்த இடத்தில் எங்கள் கணக்குப்புலி ஒருவன் குறுக்கே வந்தான். "ஆப்பிரிக்காவுல எல்லாம் காட்டுக்கு நடுவுலதானே லாட்ஜ் கட்டியிருக்கான்? டிஸ்கவரில பாத்ததில்ல?" பார்த்திருக்கிறேன் ராசா. கொஞ்சம் படித்தும் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். முதுமலையின் மையப்பகுதி 321. அறுபது முதுமலை அதற்குள் அடங்கும். அங்கே ஸ்குகூஸா மாதிரி பெரிய முகாம்களைப் பூங்கா நிர்வாகமே நடத்துகிறது. இருட்டுவதற்குள் முகாம் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குள் வந்து சேராவிட்டால் அபராதம். நம் ஆள் போனில் சொன்ன "தனியா நைட்டு ஜீப்" அங்கே எடுபடாது. (இங்கேயும் சட்டப்படி எடுபடக்கூடாதுதான்!) கென்யாவில் மாசாய் மாராவை ஒட்டி இன்னொரு ஏற்பாடு. மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்துக் குத்தகைக்கு விடுகிறார்கள், மாதாமாதம் வாடகை அவர்கள் கணக்குக்கு வருகிறது. அதற்குப் பதிலாக இத்தனை நூறு ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான் என்று உச்சவரம்பு. கூடாரம் குறைவு, அதனால் விலை அதிகம். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை, ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வேன் நிற்கிற படம் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், நிலத்துக்காரனுக்குப் பங்கு வேண்டும் என்கிற கணக்காவது அவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது வீக்கெண்ட் ஆஃபர்.

நாங்கள் படிக்கிற எகனாமிக்ஸ் பாடத்தில் புறவிளைவு என்று ஒன்று வரும். ஒருவன் லாபம் பார்க்க, அதற்கான செலவு அவன் பேரேட்டில் ஏறாமல் மூன்றாம் ஆள் தலையில் விழுவது. பரீட்சைக்கு ஆலைக் கழிவுநீரை உதாரணமாக எழுதிவிட்டு வருவோம். ஒரு ராத்திரிக்கு மூவாயிரம் ரூபாய் அறை வாடகையில் ஆள் கூலி இருக்கிறது, கரண்டு இருக்கிறது, மளிகை இருக்கிறது. பாதை அடைபட்ட யானை ஊருக்குள் போய் மிதித்த ராகிப் பயிரும், பயிருக்குக் காவல் இருந்த ஆளின் உயிரும் எந்தப் பற்றில் இருக்கிறது?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தபோது முதலாளியை விட அங்கே ரூம் பெருக்கியவர்களும் ஜீப் ஓட்டியவர்களும்தான் அதிகம் அடிபட்டார்கள். இருளர், குறும்பர் குடும்பங்களுக்கு அங்கே வேறு வேலை என்ன இருக்கிறது? அந்த எல்லைக்கோட்டுக்குள் காலங்காலமாக இருக்கிற சின்ன விவசாயிகளின் வீடுகளும் மாட்டிக்கொண்டன. கோடு எங்கே போட வேண்டும் என்பதில் யானைகளுக்காகப் பேசுகிறவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. இதையெல்லாம் தீர்க்க வேண்டியது அரசாங்கமும் கோர்ட்டும். ஆனால் இந்த நியாயத்தை நாலு குடில் போட்டு நீச்சல் குளம் வெட்டியவர் தன் வக்கீல் நோட்டீஸில் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் எரிகிறது. அந்த விவசாயி பால்கனி கட்டி வாடகைக்கு விடவில்லை சாமி.

"உன் ஊரே வயல் மேலயும் மேய்ச்சல் மேலயும்தானே நிக்குது, உனக்கு என்ன யோக்கியதை?" என்றும் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் அப்பா சம்பளம் வாங்குவதே அந்த கேட்டுக்குள் போய்த்தான், அதில்தான் என் ஃபீஸ் கட்டுகிறோம். அந்தக் காம்பவுண்டை என்னால் இடிக்க முடியாது. இடிக்க வேண்டும் என்று ஆசையும் இல்லை, பொய் சொல்வானேன். ஆனால் மூன்று நாள் ஜாலிக்கு எங்கே தங்குவது என்பது என் கையில் இருக்கிறது. சோற்றுக்காகச் செய்வதையும் செல்ஃபிக்காகச் செய்வதையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

அப்போ எங்கேதான் தங்குவது? தெப்பக்காட்டில் வனத்துறையின் விடுதிகள், டார்மிட்டரி எல்லாம் உண்டு, அவர்கள் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். ஏசி எதிர்பார்க்காதீர்கள். அதுவும் காட்டுக்குள்தானே என்பீர்கள். உண்மை, அதில் எனக்கும் முழு நிம்மதி இல்லை. ஆனால் பழைய கட்டடங்கள், குறைந்த எண்ணிக்கை, இரவில் ஆட்டம் பாட்டம் கிடையாது. 2012இல் வந்த தேசியப் புலிகள் ஆணையத்தின் வழிகாட்டுதல்படி மையப்பகுதியில் புதிதாகச் சுற்றுலாக் கட்டடம் கட்டவும் முடியாது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் கூடலூரில் சாதா லாட்ஜில் படுத்துவிட்டு, காலையில் வனத்துறை வேனில் போகலாம். யானை கண்ணில் பட்டால் பார்ப்போம். படாவிட்டால் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வருவோம். தனியார் இடத்தில்தான் தங்குவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், எந்த சர்வே நம்பர்? வேலியில் கரண்டு ஓடுகிறதா? ராத்திரி ஜீப் உண்டா? மூன்றாவதற்கு "உண்டு சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது அட்வான்ஸ் விவகாரம். மறுபடி போன் போட்டேன். திருப்பித் தர முடியாதாம், அடுத்த சீசனில் வந்தால் கழித்துக்கொள்வாராம். "பதினாலாயிரம் போச்சேடா, அதுக்காகவாவது போயிட்டு வருவோம்" என்பதுதான் இப்போது மெஜாரிட்டி கட்சி. மூழ்கிப்போன செலவை வைத்து அடுத்த முடிவு எடுக்கக்கூடாது என்று போன செமஸ்டரில் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் பேப்பரில் பத்து மார்க்குக்கு எழுதினோமே, மறந்துபோச்சா?

என் ஆயிரம் தொலைந்தது தொலைந்ததுதான். விசாரிக்காமல் கட்டியவன் நான் என்பதால் மற்ற பதிமூன்று பேருக்கும் தலைக்கு ஐந்நூறு என் பொறுப்பு. சனி ஞாயிறு கல்யாண மண்டபத்தில் சர்வீஸ் வேலைக்குப் போகிறேன், பொங்கலுக்குள் தந்துவிடுவேன். தெப்பக்காட்டு டார்மிட்டரிக்கு இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் சொல்லுங்கள், பெட்ஷீட் அவரவர் கொண்டு வர வேண்டும்.