வளையல் கையிலேயே இருக்கிறது

எங்கள் நாரணாபுரத்தைச் சுற்றிப் பட்டாசு. பக்கத்துச் சிவகாசியில் அச்சுத் தொழில். என் மகள் காலண்டர், லேபிள் டிசைன் கற்றுக்கொண்டாள். வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்ப்யூட்டர் வாங்கப் போனோம்.

"தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம டிசைன் வேலை ஓடாதும்மா. புதுசு வேற வரப்போகுது" என்றார் கடைக்கார அண்ணாச்சி. விலையைக் கேட்டதும் என் கை தானாக வளையலைத் தடவியது.

அச்சகத்தில் டிசைன் பார்க்கும் கொழுந்தன் மகனிடம் கேட்டேன்.

"பெரியம்மா, திரையில படம் காட்டுற வேலையை 1999-ல இன்டெல் 810 மாதிரி மதர்போர்டு சிப்பே செஞ்சது. 2011-ல இன்டெல் அதைப் பிராசசர் சிப்புக்குள்ளேயே சேர்த்துட்டாங்க. தனி கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. இது கம்ப்யூட்டர் ரேமிலிருந்து கடன் வாங்கிக்கும், அவ்வளவுதான். லேபிள், காலண்டருக்கு இது போதும். முப்பரிமாணப் படம், பெரிய வீடியோன்னாத்தான் கார்டு வேணும்" என்றான்.

அவன் சொன்னபடி 8 ஜி.பி. ரேம் இரண்டு வாங்கினோம். ஒரே 16 ஜி.பி.யைவிட ஜோடியாகப் போட்டால் படம் வேகமாக வருமாம். பின்னால் கார்டு செருக மதர்போர்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை. இன்டெல் பிராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவென்று வாங்கினால் கார்டும் வாங்கியே தீர வேண்டும்!

புதுக் கார்டு வரும்போது வரட்டும். தேவைப்பட்டால் மகள் தன் சம்பாத்தியத்தில் வாங்கிக்கொள்வாள்.