அடைத்த வீடும் மூச்சுவிடும் வீடும்

மார்கழி மாதம் ஒன்றில் கிழக்கு இலண்டனில் உள்ள என் தங்கை வீட்டில் மூன்று கிழமைகள் தங்க நேர்ந்தது. விக்ரோறியா மகாராணியார் காலத்து வரிசை வீடு. முன்கதவின் கீழால் காற்று, கடிதம் போடும் துவாரத்தால் காற்று, தரைப் பலகைகளின் இடுக்கால் காற்று. றேடியேற்றர் கொதித்துக்கொண்டிருந்தது, நான்கடி தள்ளி அமர்ந்திருந்த எனக்கோ கால் விறைத்தது. "அண்ணை, ஹீற்றிங்கைக் கூட்டிவிடட்டோ?" என்று தங்கை கேட்பாள். அடுத்த அறையில் மைத்துனர் செருமுவார். அந்தச் செருமலின் பொருள் எரிவாயுக் கட்டணம் என்பது எனக்கு விளங்கும்.

காற்றைத் தடுக்க மைத்துனர் தமக்குத் தெரிந்த வழியைக் கையாண்டிருந்தார். சுவரில் இருந்த காற்றுத் துளைகள் அனைத்தையும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை மடித்து அடைத்திருந்தார். குளியலறையின் காற்றுப்போக்கி விசிறியையும் நிறுத்தி வைத்திருந்தார். ஆயுளின் பெரும்பகுதியைப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவன் நான். எங்கள் எழுத்து இப்படியும் பயன்படுகிறதே என்று முதலில் சிரித்தேன். பின்னறைக் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் படர்ந்திருந்ததைக் கண்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கட்டிலில்தான் தங்கையின் பேரன் படுக்கிறான். இரவு முழுவதும் அவன் இருமுவது எனக்குக் கேட்டது.

இந்த வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன? கட்டியவர்கள் மூடர்கள் அல்லர். அறைக்கு அறை நிலக்கரி எரிந்த காலம் அது. நெருப்புக்குக் காற்று வேண்டும். இடுக்குகளால் வந்த காற்று நெருப்பை ஊட்டி, வீட்டின் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு புகைபோக்கியால் வெளியேறியது. 1952 டிசெம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி மெல்ல மெல்ல விடைபெற, எரிவாயு பொயிலரும் றேடியேற்றரும் வந்தன. நெருப்பு போயிற்று, நெருப்புக்காக விட்ட இடுக்குகள் மட்டும் மிஞ்சின. சுவர்களோ நடுவில் வெற்றிடம் இல்லாத, ஒன்பது அங்குலத் திண்ணிய செங்கற் சுவர்கள். சூடு அவற்றினூடாகத் தெருவுக்குப் போய்விடுகிறது.

எரிவாயு மலிவாக இருந்தவரை இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. உக்ரெயின் மீது ரஷ்யா படையெடுத்த 2022இல் கணக்கு மாறிற்று. 2021 ஒக்ரோபரில் ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,277 பவுண் என்றிருந்த விலை உச்சவரம்பு, ஓராண்டில் 3,549 பவுணாக உயர்ந்தது. அரசாங்கம் தலையிட்டு அதை 2,500 பவுணளவில் நிறுத்த வேண்டியதாயிற்று. பலர் ஹீற்றிங்கை அணைத்தார்கள், துளைகளை அடைத்தார்கள். என் மைத்துனரும் அவர்களில் ஒருவர்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. ஊரில் காற்றை வரவேற்று வீடு கட்டினோம். நாற்சார் வீட்டுக்கு நடுமுற்றம் வைத்தோம். கதவுக்கு மேலேயும் காற்றுக்கு வழி விட்டோம். குளிர்நாட்டுக்கு வந்ததும் காற்றே பகையாகிவிட்டது. ஆனால் ஒரு குடும்பம் மூச்சுவிடுகிறது, சோறு வடிக்கிறது, கறி கொதிக்க வைக்கிறது, குளிக்கிறது, உடுப்புகளை றேடியேற்றரில் உலர்த்துகிறது. நாளொன்றுக்குப் பல லீற்றர் நீர் ஆவியாகி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. வெளியேற வழியில்லாத ஆவி, வீட்டில் எந்தச் சுவர் மிகக் குளிரோ அதில் போய்ப் படிகிறது. அங்கே பூஞ்சணம் முளைக்கிறது. அதனைத் துடைத்து வர்ணம் பூசினால் அடுத்த மாரியில் மீண்டும் வரும்.

இது அழகு பற்றிய பிரச்சினை அன்று. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசெம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறைமீது குறைகூறியது தவறு என்பதை வீட்டுக்குப் பொறுப்பான நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம், 2025 ஒக்ரோபரில் சமூக வீடமைப்பு வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டுக்கு உடுப்பு வேண்டும். மூக்கை மட்டும் பொத்தக்கூடாது. முதலில் கதவு, யன்னல், தரைப் பலகை இடுக்குகளை அடையுங்கள். இதற்கு அதிக செலவில்லை. ஆனால் சுவரின் அடியிலுள்ள காற்றுத் துளைகளைத் தொடாதீர்கள். அவை தரைக்குக் கீழுள்ள மரங்கள் உக்காமல் காப்பவை. வாயு அடுப்போ கணப்போ எரியும் அறையின் காற்றுவழியை அடைப்பது உயிராபத்து. அடுத்து, கூரைக்கடியில் கனிமப் பஞ்சை 270 மில்லிமீற்றர் தடிப்புக்கு விரிக்கலாம். கூரை விளிம்பில் மாத்திரம் காற்றுக்கு இடம் விடவேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் விசிறி ஓடவேண்டும். அதற்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சொற்பம்.

சுவருக்கு வெப்பக்காப்பு அதற்குப் பிறகுதான். அது கைதேர்ந்தவர்களின் வேலை. பழைய செங்கற் சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின் வெளிவிடும் இயல்புடையது. ஒழுகும் பீலியைத் திருத்தாமல் அதன்மேல் பலகையை ஒட்டினால் ஈரம் உள்ளே சிறைப்படும். "அரசாங்கத் திட்டம், உங்களுக்கு ஒரு பென்சும் செலவில்லை" என்று தங்கை வீட்டுக் கதவையும் ஒரு விற்பனையாளர் தட்டினார். மைத்துனர் பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன். 2025 ஒக்ரோபரில் பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது அந்தப் பேனா நினைவுக்கு வந்தது. அரசின் இரு திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பிட்ட வீடுகளில் நூற்றுக்கு 98இல் திருத்தவேண்டிய பெருங்குறைகள் உள்ளன என்றது அது. இலவசம் என்பதற்காக வீட்டைப் பரிசோதனைக் களமாக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் பிறகே புதிய வெப்பமூட்டி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் வெப்பப் பம்பிக்கு 2023 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் மானியம் வழங்கப்பட்டது. நல்ல கருவிதான். ஓரலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு சூடு தரும். ஆனால் மின்சாரம் எரிவாயுவைவிட மூன்று, நான்கு மடங்கு விலை. ஓட்டை வீட்டில் அதைப் பொருத்துவது ஓட்டைக் குடத்துக்கு விலையுயர்ந்த வாளியால் நீர் ஊற்றுவது போன்றது. வரிசை மாறினால் பணமும் போகும், நம்பிக்கையும் போகும்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. புலம்பெயர்ந்த எங்களவரிடையே வீட்டுச் சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள். நல்லது. அவர்களுள் சிலர், பிந்தி வந்த எங்கள் பிள்ளைகளுக்கே ஈரம் கசியும் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். "யன்னலைத் திறந்து விடுங்கோ, எல்லாம் சரியாகும்" என்பதே அவர்கள் கூறும் தீர்வு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆற்றல் சான்றிதழில் 'ஈ' தரத்துக்குக் கீழான வீட்டை, விலக்குப் பெற்றாலன்றி வாடகைக்கு விடமுடியாது என்பது 2020 ஏப்ரல் முதல் விதி. சட்டத்தை விடுவோம். தன் பேரனைப் படுக்கவைக்கத் துணியாத அறையில் மற்றவர் பேரனைப் படுக்கவைத்து வாடகை வாங்குவது எந்த நியாயம்? கோயிலுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் கை, அந்தச் சுவருக்கும் சிறிது கொடுக்கட்டும்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மைத்துனர் துளைகளிலிருந்து பத்திரிகைகளைப் பிடுங்கி எடுத்தார். விசிறி ஓடத் தொடங்கிற்று. கதவுகளின் இடுக்குகளுக்குப் பட்டி ஒட்டினோம். பேரனின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து விலக்கி வேறறைக்கு மாற்றினோம். கூரைப் பஞ்சு அடுத்த மாதமே வந்தது. சுவர் இன்னும் காத்திருக்கிறது. போன மாரியில் தொலைபேசியில் பேசியபோது தங்கையிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். கட்டணம் சற்றுக் குறைந்திருக்கிறது என்றாள். பேரன் இரவில் நித்திரை கொள்கிறான் என்றாள்.